பாரம் இறக்கும் உப்பளம்

பங்குனி பிறந்ததும் வடதேசத்துக் குளிர்கால விளக்குகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கும். அவற்றில் சேர்ந்திருக்கும் மனுஷ பாரத்தை வடித்துவிட்டு, வெயில் நிரப்பித் திருப்பி அனுப்புவது ஊருக்கு வடக்கே இருக்கும் ஓர் உப்பளத்தின் வேலை. உப்பு வாருகிற பெண்களே இதையும் செய்வார்கள்.

விளக்கு என்றதும் குத்துவிளக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். முறம் அளவுக்கு, வெள்ளையாக, தட்டையாக இருக்கும். சூரியன் மாதக்கணக்கில் தலைகாட்டாத ஊர்களில் மனசு இருண்டுபோனவர்கள், காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இதன் முன்னால் உட்கார வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் விளக்கில் இருக்கிற வெயில் ஆளுக்குள் போகும். காலியான இடத்துக்கு ஆளின் பாரம் வந்து சேரும். குளிர் முடியும்போது ஆள் லேசாகிவிடுவார், விளக்கு கனத்துவிடும். இங்கிருந்து ஒற்றைக் கையால் தூக்கிக் கொடுத்த விளக்கை, திரும்பி வரும்போது இரண்டு பேர் சேர்ந்து இறக்க வேண்டியிருக்கும்.

விடிந்ததும் விளக்கைப் பாத்தியில் குப்புற வைப்பார்கள். வெயில் ஏற ஏறப் பாரம் கசிந்து வெளியே வந்து, வரப்பில் ஏறி ஆளைப்போல உட்காரும். உச்சி வெயிலில் காய்ந்து உப்பாகிவிடும். அப்புறம் விளக்கை நிமிர்த்தி வைத்தால் சாயங்காலத்துக்குள் நிறைந்துவிடும். அந்த உப்பைக் கருவாட்டுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். அந்தக் கருவாட்டைத் தின்றவர்கள் சோற்றுக்கு நடுவில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதற்காக யாரும் கருவாட்டைக் குறை சொன்னதில்லை.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். வரப்பில் உட்கார்ந்திருக்கும் பாரத்தைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிடக் கூடாது. வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் பாஷை புரியாது, பேசாமல் காய்ந்துவிடும். இதை மட்டும் எந்த நாட்டுப் பாரமும் புரிந்துகொள்ளும். கேட்டால் காயாது. கேட்டவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். கஷ்டம் என்னவென்றால், நம் பெண்களுக்கு ஓர் ஆளைப் பார்த்ததும் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கொஞ்ச நாளைக்கு வாயில் துணியைக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். பார்க்கிறவர்கள் உப்புக் காற்றுக்காக என்று நினைத்துக்கொள்வார்கள். இசக்கியம்மாள் அப்படி வாய் தவறித்தான் ஒரு வயசான டச்சுக்காரரின் பாரத்தை வீட்டில் வைத்திருக்கிறாள். அது கோழிகளைப் பார்த்துக்கொள்கிறது. தொந்தரவு ஒன்றும் கிடையாது.

சந்தனக்கனி ஒருநாளும் வாய் தவறியதில்லை. எத்தனையோ நாட்டுத் துக்கத்தைக் குப்புறப் போட்டு நிமிர்த்தியவள். புருஷன் செத்தபிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவளுக்கு வாயை அடக்குவது பெரிய காரியமில்லை.

மகன் லிங்கதுரை நார்வேயில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "நல்லா இருக்கேம்மா" என்பான். அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவான். ஒரு கார்த்திகையில், பேச்சோடு பேச்சாக, "கம்பெனியில எனக்கும் ஒரு வெளக்கு குடுத்திருக்காங்கம்மா. எல்லாருக்கும் குடுக்கதுதான்" என்றான்.

"நல்லதுய்யா. காலையில எந்திரிச்சதும் மறக்காம உக்காரு" என்றாள். போனை வைத்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் திரும்பவும் கழுவினாள்.

அந்த விளக்கு பங்குனியில் வந்தது. லாரியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. யாருடையது என்று எதிலும் பெயர் எழுதியிருக்காது, திருப்பி அனுப்புவதற்கு ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கும். சந்தனக்கனி தன் பாத்தியில் அதைக் குப்புறப் போட்டாள். வெயில் ஏறியது. பாரம் மெல்லக் கசிந்து வந்து, வரப்பில் ஏறி, இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்தது. வலது கால் பெருவிரலால் கணுக்காலைச் சொறிந்துகொண்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்ட அன்றைக்கு, பள்ளிக்கூட வாசலில் லிங்கதுரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

அளத்துக் கங்காணி ஆறுமுகப்பெருமாள் குடையோடு வந்து பார்த்தார். அவளைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏளா சந்தனக்கனி, யாருதா இருந்தாலும் காயட்டும். நீ வாயத் தொறந்துராத."

"சரி அண்ணாச்சி."

அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த பாத்தியில் உப்பு வாரினாள். வெயில் உச்சிக்கு வந்தது. பாரம் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியது. தோள் கரைந்தது, கன்னம் ஒட்டியது. சின்ன வயசில் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது அவன் இப்படித்தான் நாளுக்கு நாள் மெலிந்தான். அப்போது ஒவ்வொரு கோயிலாக ஓடியவள், இப்போது கையில் உப்பு வாரும் பலகையை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியிருந்தது. பெற்ற வயிறு கேட்குமா? முந்தானை வாயிலிருந்து நழுவியது.

"ஏய்யா, சாப்ட்டியா?"

"இல்லம்மா" என்றது பாரம்.

கங்காணி குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

விளக்கை நிமிர்த்தி, நல்ல வெயில் விழுகிற நடுப்பாத்தியில் வைத்தாள். அத்தனை பாரமும் இறங்கி விளக்கில் நிறைய இடம் காலியாகியிருந்தது, அதனால் மற்றவற்றைவிட அதிகமாகவே நிறைந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்தபோது பாரம் பின்னால் வந்தது. தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும், "வந்திருக்கா? ஒரு படி அரிசி கூடப் போடு" என்றாள்.

பாரம் நன்றாகச் சாப்பிட்டது. சாப்பிட்டுக்கொண்டே, லிங்கதுரை போனில் சொல்லாததை எல்லாம் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மத்தியானமே இருட்டிவிடுகிறது. தொழிற்சாலைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறான். ஒருநாள் பனியில் நடந்துகொண்டே இருந்தான், திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்புறம் அம்மா ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காத்திருப்பாள் என்று ஞாபகம் வந்து திரும்பினான்.

சந்தனக்கனி சோற்றுத் தட்டின்மேல் கண்ணீர் விழ விழக் கேட்டாள். ஆனாலும், உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. மகன் வெளிநாடு போனபிறகு அந்த வீட்டில் ஒருவர் மனசைத் திறந்து பேசியது அப்போதுதான். பாரம் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து பாரம் ரேஷன் கடைக்குப் போய் வந்தது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தது. மகன் வீட்டில் இருந்தால் என்ன செய்வானோ அதையெல்லாம் செய்தது. சொல்லப்போனால் மகனைவிடக் கூடவே செய்தது.

அடுத்த குளிர்காலம் வந்தது. லிங்கதுரை அந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் கணீரென்று இருந்தது. பனியில் சறுக்கி விளையாடக் கற்றுக்கொண்டானாம். சிநேகிதர்கள் கிடைத்திருக்கிறார்களாம். போன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று ஆயிற்று. தை மாதம் ஒருநாள் சொன்னான்:

"முன்னெல்லாம் ஊருக்கு வரணும் வரணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கிடும்மா. இப்ப அப்படித் தோணவே இல்ல. எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"நல்லதுய்யா" என்றாள் சந்தனக்கனி. "நல்லா இரு."

அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் நிறைந்தவன் அப்படித்தான் இருப்பான். அவள்தானே பார்த்துப் பார்த்து நடுப்பாத்தியில் வைத்து நிரப்பி அனுப்பினாள்.

"போன்ல யாரும்மா?" என்று பாரம் கேட்டது.

"தெரிஞ்ச புள்ள ஒருத்தன்யா."

அந்தப் பங்குனியில் லிங்கதுரையின் விளக்கு திரும்பி வந்தபோது தக்கையாக இருந்தது. குப்புறப் போட்டார்கள், ஒன்றும் வரவில்லை. வெயில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இந்தா பாரு. வீட்டுல இருக்கத இதுக்குள்ள ஏத்தி அனுப்பிரு. வெயிலுக்குப் பதிலா அது அவனுக்குள்ள போவும். அடுத்த பிளைட்டப் புடிச்சி ஓடி வந்துருவான். இல்லன்னா ஒனக்கு மவன் இல்லன்னு வச்சிக்க."

இசக்கியம்மாள் சொன்னதில் தப்பில்லை. அளத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சந்தனக்கனி அன்றைக்கெல்லாம் விளக்கின் பக்கத்திலேயே நின்றாள். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கொண்டுவந்த பாரம், பேச்சைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாளியை வரப்பில் வைத்துவிட்டு, பாத்தியில் இறங்கி, விளக்கை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"நான் போறேம்மா. போயி அவனக் கூட்டிட்டு வாரேன்."

அவளுக்கு மகன் வேண்டும். ராத்திரியும் பகலும் கூடவே வேண்டும். வாசலில் அவன் செருப்புக் கிடக்க வேண்டும், கொடியில் அவன் சட்டை காய வேண்டும். இப்போது ஒரு வார்த்தை "போய்யா" என்று சொன்னால் போதும், எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் அவன் ஒரு குளிர்காலம் முழுக்க இருட்டில் உட்கார வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டு அழ வேண்டும். பனியில் நடக்கப் போனால், இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வராமலே போய்விடலாம்.

"எந்திரி. உப்புத் தண்ணி, மேலெல்லாம் அரிக்கும்" என்றாள். அதன் கையைப் பிடித்துத் தூக்கி, முந்தானையால் முதுகைத் துடைத்துவிட்டாள். பிறகு விளக்கை நிமிர்த்தினாள். ஒரு துளிக்குக்கூட இடம் இல்லாதபடி வெயில் நிறைகிறவரை அங்கேயே நின்றாள். வாய்விட்டு அழுதுகொண்டேதான் நின்றாள். அழுகை விளக்கில் விழாமல் இருக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

லிங்கதுரை வந்தான். அந்த வருஷக் குளிர் தொடங்குவதற்குள்ளாகவே வந்தான். நார்வே சிநேகிதர்களோடு கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வந்தவன், அவர்களை அங்கே லாட்ஜில் விட்டுவிட்டு ஒரு பொழுதுக்கு மட்டும் தூத்துக்குடி வந்தான். நல்ல நிறமாகியிருந்தான். சாக்லேட் டப்பா கொண்டுவந்தான். தரையில் உட்காராமல் நாற்காலியைக் கேட்டு வாங்கி, காலை அகட்டி உட்கார்ந்தான்.

"வீடு அழகா இருக்கும்மா" என்றான், முதல் தடவை பார்ப்பவனைப்போல. பிறகு கதவோரம் நின்ற பாரத்தைப் பார்த்தான். "இது யாரு?"

"நம்ம வீட்டுப் புள்ளதான்யா."

லிங்கதுரை எழுந்து கைகுலுக்கினான். பாரமும் மரியாதையாகக் கைகொடுத்தது. சந்தனக்கனி சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு, ஆனா ரொம்ப உறைக்கும்மா" என்று தட்டை நகர்த்தி வைத்தான். மிச்சத்தைப் பாரம் சாப்பிட்டது. போட்டோ காட்டினான். எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்து, "நல்லாருக்குய்யா, நல்லாருக்குய்யா" என்றாள். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தானே அத்தனையும் செய்தாள். ஆனாலும் தட்டை எடுக்க எழுந்தபோது அவளுக்குத் தன் உடம்பே பாரமாகக் கனத்தது.

வழியனுப்ப மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். கன்னியாகுமரி பஸ் நின்றுகொண்டிருந்தது. லிங்கதுரை அவளைக் கட்டிப்பிடித்தான், அங்கே அப்படித்தான் பழக்கமாம். "வாரேம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்று ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

அப்போது, விளக்கு எதுவும் இல்லாமலே, சந்தனக்கனியின் பாரம் அவளை விட்டு இறங்கியது. அவள் உயரம், அவள் வயசு, அவள் கட்டியிருந்த அதே ஊதாச் சேலை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பஸ்ஸில் ஏறி, லிங்கதுரையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். பஸ் கிளம்பியது.

சந்தனக்கனிக்கு உடம்பு லேசாக இருந்தது. முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது இதமாக இருந்தது. பக்கத்தில் யாரோ விம்முகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். இளைத்துப்போன ஒரு பையன், பெஞ்சில் இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா அந்த பஸ்ல போறாங்க" என்றான். "அடுத்த பஸ் எப்பங்க?"

அவள் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, தனியாக விட்டுப்போக வேண்டாம் என்று, பஸ் வரும்வரை அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.