பாலேஸ்வரி எங்கே உட்காருவார்?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஆஸ்திரேலியாவில், ஹெலன்ஸ்பர்க் கோயிலிலிருந்து திரும்பும்போது அதுவாகவே என் காரில் ஏறிக்கொண்டது. பக்கத்து சீட்டில் அருந்தவன் இருந்தார்.

அருந்தவன் யாழ்ப்பாணத்துக்காரர். செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். படகில் வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகியும் இன்னும் பிரிட்ஜிங் விசாதான். அதாவது, முடிவு சொல்லும்வரை இருந்துகொள், முடிவு எப்போது என்று மட்டும் கேட்காதே. நான் கும்பகோணத்து நரசிம்மன். வேலை விசாவில் விமானத்தில் வந்து, குடியுரிமை விழாவில் கவுன்சில்காரர்கள் கொடுத்த செடித்தொட்டியோடு வெஸ்ட்மீட் வீட்டுக்குத் திரும்பியவன். செடி செத்துவிட்டது. குடியுரிமை இருக்கிறது.

"மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது அண்ணை. ஆவணியில," என்றார்.

"ரொம்ப சந்தோஷம். போயிட்டு வாங்க. லீவு குடுப்பாங்கல்ல?"

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

"போகலாம் அண்ணை. திரும்பி வரேலாது."

அந்த விசாவில் நாட்டைவிட்டு வெளியே போனால் விசா அத்தோடு முடிந்தது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் பாஸ்போர்ட் வைத்திருப்பவனின் வாய் அப்படித்தான் பேசியது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'விமான நிலையத்தில் கண்கலங்கி நின்ற அருந்தவன்...' (அவர் அங்கே போகவே இல்லையே.)

'கடல் கடந்து வந்த அந்தத் தந்தையின் நெஞ்சில்...' (டிவி சீரியல்.)

'அருந்தவனுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பிரியதர்சினி. அவர் புறப்பட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சின்னவள் கைக்குழந்தை.' (இது இருக்கட்டும்.)

விசா கிடைத்ததும் மனைவி, மகள்கள் மூவரையும் கூப்பிட்டுக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. அதற்காகத்தான் இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிவிட்டால் மகளை இனித் தன் பேரில் கூப்பிட முடியாது. எந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தாரோ அந்தப் பிள்ளை வரிசையைவிட்டு வெளியே போகிறாள். சின்னவள் மட்டும் மிச்சம். இப்போது போனால் அவளும் இல்லை.

3

முதல் வரைவில் கல்யாணக் காட்சியை உருகி உருகி எழுதினேன். மகள் தகப்பன் மடியில் உட்கார, மாப்பிள்ளை தாலி கட்டுகிறான். அந்த மடி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, இங்கே மடி காலி என்று ஒரு வரி. அருந்தவனிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா எங்கட பக்கம் மடியில இருத்திறேல்லை அண்ணை."

எங்கள் வீட்டுக் கல்யாணத்தை அவர் வீட்டில் நடத்தி வைத்திருக்கிறேன். உலகத்துத் தமிழர் எல்லாரும் கும்பகோணத்துப் பந்தலில்தான் தாலி கட்டுகிறார்கள் என்று நினைப்பு.

"பின்ன எப்படி?"

"தாயும் தேப்பனும் சோடியா இருந்து, மகளின்ர கையைப் பிடிச்சு மாப்பிள்ளையின்ர கையில குடுப்பினம்."

"நீங்க இல்லைன்னா?"

"என்ர மனிசியின்ர தமையன் இருக்கிறார். அவரும் பெண்சாதியும் இருந்து குடுப்பினம்."

"அப்ப உங்க மனைவி?"

தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"தள்ளி நிப்பா. தனிய இருந்து குடுக்கேலாதெண்டு ஐயர் சொல்லிப்போட்டார். நான் சாகேல்லை அண்ணை. ஆனா நான் போகாட்டி, பெத்தவள் எழும்பி நிக்கவேணும்."

அன்றோடு மடியைத் தூக்கிப் போட்டேன். கதை இங்கேதான் இருந்தது.*

*எல்லா ஊரிலும் இப்படித்தானா, இந்த ஐயர் மட்டும் இப்படியா என்று கேட்காதீர்கள். ஒருமுறை பட்டது போதும்.

4

முடிவுகள்:

(அ) அருந்தவன் போகிறார். மனைவியோடு சோடியாக உட்கார்ந்து மகளின் கையைப் பிடிக்கிறார். இதை எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையை எழுத முடியவில்லை. அவர் எதற்குப் பயந்து ஓடிவந்தாரோ அது அந்த ஊரில்தான் இருக்கிறது.

(ஆ) அருந்தவன் போகவில்லை. பெண்ணைக் கொடுக்கும் தகப்பன் பட்டினி இருக்கவேண்டும் என்பதால் அவரும் இருக்கிறார். கிடங்கின் சாப்பாட்டு அறையில், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஃபோனில் பார்க்கிறார். மகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்று

(முடிக்கவில்லை. இப்படியே நடந்துவிடுமோ என்று பயம்.)

(இ) கல்யாணத்துக்கு முந்தைய நாள் விசா வந்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு அருந்தவன் ரொம்ப நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கிழித்துவிட்டேன்.

5

அருந்தவனின் மனைவி பாலேஸ்வரியை நான் பார்த்ததில்லை. பார்க்காதவரை எப்படி எழுதுவது? வேறு வழி தெரியாமல் அழவைத்திருந்தேன். போன ஞாயிறு காரில் வரும்போது அருந்தவனின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கதை எழுதிற அண்ணையோ?" என்றது குரல். "நான் அழுறன் எண்டு எழுதியிருக்கிறியளாம். இவர் வாசிச்சுக் காட்டினவர். நான் அழேல்லை. கலியாண வேலை தலைக்கு மேல கிடக்கு."

"மன்னிச்சுக்குங்க. மாத்திடறேன்."

"அவரை வரவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான். சின்னவளாவது ஒருநாள் அங்க வரட்டும்." பின்னால் யாரிடமோ வாழைக்குலையை நிழலில் வைக்கச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "அண்ணை, ஒண்டு கேக்கட்டே? கதையில என்னை இருத்தி எழுதுங்கோ. என்ர பிள்ளையை நான் கையில பிடிச்சுக் குடுக்கிறமாதிரி."

அருந்தவன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டார். "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கல்யாணம் வருகிற வாரம். அதற்குள் எழுதிவிட வேண்டும். எழுதுகிறேன்.

மேளம் வாசிக்கிறார்கள். பாலேஸ்வரி மணவறைக்கு வருகிறார். புடவை (நிறம் அருந்தவனுக்குத் தெரியாது, கேட்கவேண்டும்). யாரையும் கேட்காமல் மகளுக்கு அருகில் உட்காருகிறார். மகளின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்கிறார். அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம் இருக்கிறது. தமையனும் பெண்சாதியும் ஓரமாக நிற்கிறார்கள். ஐயர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"பொம்பிளையின்ர தேப்பன் எங்க?"

இதற்குமேல் என்னால் முடியவில்லை. அருந்தவனை அங்கே உட்காரவைத்தால் சின்னவளின் வழியை அடைத்தவன் நான். தமையனைக் கூப்பிட்டால் இந்தப் பெண்ணை எழுந்திரு என்று சொல்லவேண்டியவனும் நான். இரண்டும் என் கையால் நடக்கவேண்டாம்.

பாலேஸ்வரி உட்கார்ந்திருக்கிறார். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது. அவரை எழுப்பாமல் இந்தக் கதையை முடிக்க வழி தெரிந்தால், நீங்கள் முடியுங்கள்.