ஹரியானா நேயர்

என் கணவர் தாமோதரன் ஜாதி பார்க்கிறவர் இல்லை. அவரே அப்படிச் சொல்லிக்கொள்வார். அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க எல்லோர் வீட்டிலும் காபி குடித்தவர். எங்கள் ஒரே மகள் அனு, மறைமலைநகர் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த ஆல்வினைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அப்போதுதான் அந்தப் பையனின் தாத்தா யார் வயலில் கூலிக்கு நாற்று நட்டார் என்பது அவருக்குத் திடீரென்று முக்கியமாகிவிட்டது.

ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்த அன்று அனு போன் செய்தாள். அவர்தான் எடுத்தார். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி மணி அடித்தது. மறுபடியும் ராங் நம்பர். பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ரிசீவரைப் பிடுங்கவில்லை. அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. இருவரும் நார்வே போய்விட்டதாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ரிடையரான பிறகு நெம்மேலியில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினோம். மாமல்லபுரம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவார்கள். உப்புக் காற்றில் டெலிபோன் ஒயர் பாதி நாள் செத்துக் கிடக்கும். மெயில் பார்க்க வழியில்லை என்றால் முட்டுக்காட்டுப் பக்கமே தங்கிவிடுகிறார்கள் என்று, 2006இல் மொட்டைமாடியில் இன்டர்நெட்டுக்கென்று சாட்டிலைட் டிஷ் வைத்தார்.

டிஷ் வந்ததிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். ஷேர் மார்க்கெட் செய்தி என்றார். ஒருநாள் காபி கொண்டுபோய் வைக்கும்போது என் கை பட்டு ஒயர் கழன்று விழுந்தது. அறை முழுக்க அனுவின் குரல்.

"டென்மார்க்கிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்."

காபி மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. அவர் ஒயரை மறுபடி மாட்டவில்லை. என்னைப் போகவும் சொல்லவில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நார்வேயில் இருக்கிற தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன இன்டர்நெட் ரேடியோ அது. அங்கே மதியம், இங்கே ராத்திரி தொடங்குகிற நேரம். அனு ஒரு மணி நேரம் நேயர் விருப்பம் நடத்தினாள். பாட்டு கேட்டவர் பெயரை வாசித்து, அவர் யாருக்காகக் கேட்டார், என்ன விசேஷம் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவாள். நாங்கள் எல்லாம் ரேடியோவில் பெயர் வந்தால் தெருவையே கூட்டிச் சொன்ன தலைமுறை. என்றாவது ஒருநாள் 'அம்மா கல்யாணிக்காக' என்று ஒரு பாட்டு போட மாட்டாளா? அதற்காகத்தான் தினமும் உட்கார்ந்தேன்.

போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஹரியானாக்காரன் வந்து சேர்ந்தான்.

"யாரென்றே தெரியாத என் ஹரியானா நண்பருக்கு வணக்கம்" என்பாள். "யார் எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள் என்று என் திரையில் தெரியும். இந்தியாவிலிருந்து நீங்கள் ஒருவர்தான் தவறாமல் வருகிறீர்கள். என்ன பாட்டு வேண்டும் என்று கீழே இருக்கிற பெட்டியில் எழுதுங்களேன்."

எனக்கு வயிறு எரியும். "பெத்தவ இங்க உக்காந்திருக்கேன், எவனோ ஹரியானாக்காரனுக்குத் தினமும் வணக்கம். ஏங்க, நாம கேக்கறது அவளுக்குத் தெரியாதா?"

"சாட்டிலைட்ல கேட்டா தெரியாது" என்றார்.

ஆகாயத்திலிருந்து வருகிற விஷயம், டிவி மாதிரி போல என்று நினைத்துக்கொண்டேன். "அப்ப அந்தப் பெட்டியில நான் ஒரு வரி எழுதறேன்."

"நீ எழுதற அன்னிக்கு டிஷ்ஷைக் கழட்டிடுவேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். குரலாவது மிஞ்சட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பாட்டு பாதியில் நின்றது. மறுநாள் அனு, "ஹரியானா நண்பர் நேற்று நடுவில் எழுந்து போய்விட்டார். பாட்டு அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள். "அங்கயும் மழை போல" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

காற்றில் டிஷ் திரும்பிவிட்டதென்று செங்கல்பட்டிலிருந்து ராமதாஸ் வந்தான். டிஷ்ஷை மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். இவர் திருப்போரூர் போயிருந்தார். வேலையை முடித்துவிட்டு இறங்கியவனுக்குக் காபி கொடுத்து, இதில் எப்படித்தான் வெளிநாட்டு ரேடியோ வருகிறது என்று சும்மா கேட்டேன்.

"இன்னாமா, ரொம்ப சிம்பிள். இங்கேர்ந்து மேல போவுது. மேலேர்ந்து கம்பெனி ஸ்டேஷன்ல எறங்குது. அது ஹரியானால கீது. அங்கேர்ந்துதான் இன்டர்நெட்டுக்கே போவும். வெளிய பாக்கறவனுக்கு உங்க வூடு ஹரியானால கீறா மாதிரிதான் தெரியும்."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவனாகவே சொன்னான். "சார்க்குத் தெரியுமேம்மா. ஃபிட்டிங் அன்னிக்கே சொன்னேன். சிரிச்சிகினாரு."

அவன் போன பிறகு அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்துதான் சமையலறைக்குப் போனேன். இத்தனை மாதமாக என் பெண் எங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும் கூப்பிட்டிருக்கிறாள். அதில் எனக்கும் பாதி உண்டு. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே முழுசையும் தானே வாங்கி விழுங்கியிருக்கிறார். நான் யாரோ ஒருத்தன் மேல் பொறாமைப்பட்டுச் சாவதை வேடிக்கை பார்த்திருக்கிறார். ராங் நம்பர் சொன்ன அன்றுகூட அவர் மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வரவில்லை.

மாலை ஏழு மணிக்கு ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்தேன். அனு வந்தாள்.

"ஹரியானா நண்பரே, திரும்பி வந்துவிட்டீர்கள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்."

இவர் உதட்டோரம் ராமதாஸ் சொன்ன அதே சிரிப்பு. நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

"கல்யாணி, வேணாம்."

"டிஷ்ஷைக் கழட்டணும்னா மாடிக்குப் போங்க. உங்க முட்டிவலிக்கு நீங்க ஏறி முடிக்கறதுக்குள்ள நான் அடிச்சு முடிச்சுடுவேன்."

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் யார் யாருக்கோ கடிதம் அடித்துக் கொடுத்த கை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். 'அனு, ஹரியானாவில் யாரும் இல்லை. அது அப்பா. பக்கத்தில் நானும் இருக்கிறேன். அம்மா.'

அனுப்பிவிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் பேசுவது அத்தனை தூரம் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அங்கே படித்திருப்பாள், அழுதிருப்பாள், அம்மா என்று சொல்லிக்கூட முடித்திருப்பாள், நமக்குத்தான் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. அறிவிப்பே இல்லாமல் இன்னொரு பாட்டு வந்தது. அதுவும் முடிந்தது.

"நேயர்களே" என்றாள். "நம் ஹரியானா நண்பரைப் பற்றி ஒரு தகவல் வந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் என் குரலுக்காகத் தினமும் வருகிறார் என்று நினைத்திருந்தேன். இந்த ஊர்க் குளிரில் அது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. ஆனால் தெரிந்தவர்கள்தானாம். நான் தினமும் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு, இத்தனை மாதம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம்."

நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"மன்னிக்க வேண்டும். அது ராங் நம்பர்."

அடுத்த பாட்டு வந்தது. பிரான்ஸிலிருந்து யாரோ தன் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேட்டது.

உட்கார்ந்திருந்தார் என்று சொல்லவில்லை, உட்கார்ந்திருந்தார்கள் என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அவள் இரண்டாவது முறை போன் செய்தபோது நானும் பக்கத்தில் நின்றவள்தானே.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். டென்மார்க், ஜெர்மனி, கனடா, பிரான்ஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் வணக்கம் சொன்னாள். இந்தியா என்ற பேச்சே வரவில்லை. முதல் பாட்டு தொடங்கியது.

"நாம இருக்கறது அவளுக்குத் தெரியும் இல்ல?" என்று கேட்டார் தாமோதரன்.

"தெரியும்" என்றேன்.