தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று

வெங்கிடேஷ் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கேமராவின் மூக்கு வெளியே வரத் தொடங்கியது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. டீக்கடை பெஞ்சில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த நான் என் கண்ணாடி டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அது ரோட்டைக் கடந்து, மருந்துக் கடைக்குள் நுழைந்து, இருமலுக்கு மருந்து கேட்டிருக்கும். “ஓய் சற்குணம், அந்த டவர் உச்சியிலே ஒரு பருந்து இருக்கு பாத்தேளா? அதோட கண் இமையைக் காட்டட்டுமா?” என்றார். காட்டினார். திரையில் பழுப்பாக ஏதோ ஒரு பிசிறு ஆடிக்கொண்டிருந்தது. பருந்தின் இமை என்றால் இமை, தேய்ந்த துடைப்பத்தின் நுனி என்றால் அதுவும்தான். “உக்ரன்” என்று மலையாளத்தில் மெச்சினேன். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்களிடம் உண்மையைப் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது. மின்சார வாரியத்தில் சூப்பிரண்டாகக் காலம் தள்ளி நான் கற்ற ஒரே பாடம் அது.

என்னுடைய கேமரா வேறு சாதி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூக்கு ஒரு விரற்கடைதான் நீளும். எதிர்வீட்டை எடுத்தால் எதிர்வீடு நாகர்கோவிலில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கரண்டு போன அறையில், ஒற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒரு முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அந்த ஆள் மதியம் என்ன சாப்பிட்டார் என்பதுவரை படத்தில் வந்துவிடும். சென்சார் பெரிது, லென்ஸ் அகலம். இதெல்லாம் வெங்கிடேஷுக்கு ஏறாது. “ஜூம் எத்தனை?” என்று மட்டும் கேட்பார். மூன்று என்பேன். தென்னந்தோப்புக்காரன் ரோஜாத் தொட்டிக்காரனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். கரமனை அக்ரஹாரத்து வீட்டை விற்றுவிட்டு எங்கள் நகருக்கு வந்து, சரியாக என் வீட்டுக்கு எதிரே மாடி வீடு கட்டிக்கொண்ட மனிதர். தினமும் காலையில் மொட்டைமாடிச் சுவரில் அந்த மூக்கைச் சாய்த்துவைத்து ஊர்ப் பறவைகளின் அந்தரங்கத்தையெல்லாம் அளந்துகொண்டிருப்பார். ஒரு காக்கையாவது மானநஷ்ட வழக்குப் போடாதா என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேரையும் போட்டிக்கு இழுத்துவிட்டது ஒரு சாவு. இந்த ஊரில் ஒருவர் செத்தால் வீட்டார் அழுது முடிப்பதற்குள் தெருமுக்கில் பிளக்ஸ் போர்டு எழும்பிவிடும். மேலே ‘ஆதராஞ்சலிகள்’, நடுவில் செத்தவரின் படம், கீழே அவரைக் கடைசிவரை திரும்பிப் பார்க்காதவர்களின் பெயர்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருவின் சுடலைக்கண்ணு போய்ச் சேர்ந்தார். ஆரியசாலையில் மொத்தக்கடை வைத்து வாழ்நாள் முழுக்க மிளகு நிறுத்தவர், தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஏதோ கல்யாண குரூப் படத்திலிருந்து அவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிவிட்டார்கள். அவர் வந்தார், கூடவே அவர் தோளில் கிடந்த ஒரு கையும் வந்தது. கைக்கு உடம்பு இல்லை. சிவப்பு நகப்பூச்சு மட்டும் இருந்தது. அது யாருடைய கை என்று பஸ் ஸ்டாப்பு முழுக்க ஆராய்ச்சி நடந்தது. பி.எச்டி. தராததுதான் பாக்கி. அவருடைய சம்சாரம் தினமும் குடையோடு வந்து போர்டின் முன்னால் நிற்பாள், தன் விரல்களைப் பார்ப்பாள், போவாள். கடைசியில் அது பேத்தியின் கை என்று தெரிந்தபோது ஊருக்கே ஏமாற்றம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அஜிதா டீச்சர் ஒரு திட்டத்தோடு வந்தாள். “அம்பது கழிஞ்ச எல்லாருக்கும் நல்ல ஃபோட்டோ ஒண்ணு எடுத்து வைக்கணும் சற்குணம் சாரே. ஐடி கார்டுக்குன்னு சொன்னா போரும் அல்லே?” என்றாள். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஹாலில் கூட்டம் அள்ளியது. பவுடர் என்ன, கசவு முண்டு என்ன, சாயம் பூசிய மீசை என்ன! பரலோகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போவதுபோல வரிசையில் நின்றார்கள். வெங்கிடேஷ் ஹாலின் அந்தக் கோடியில் நின்று ஜூமை நீட்டினார். நான் ஒரு முழம் தள்ளி நின்று முகம் முகமாக எடுத்தேன். ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். அந்த இருட்டில் அவருடைய படங்களில் எல்லா முகமும் ரவை உப்புமாவாக வந்திருந்தது. என்னுடையதில் ஒவ்வொரு சுருக்கமும் தன் பெயரையும் வயதையும் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டீச்சர், கொஞ்சமும் தயங்காமல் உப்புமாவைத் தேர்ந்தெடுத்தாள். “சாருக்க படத்துல எல்லாருக்கும் பிராயம் கூடுதல். வெங்கிடேஷ் சாருக்க படத்துல ஒண்ணும் தெளியாது. அதாக்கும் நல்லது.” அந்த மனிதர் அன்று சிரித்த சிரிப்பைத் திருவல்லத்தில் செத்தவர்களுக்குப் பலிச்சோறு போடுகிறவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

போகட்டும். நான் அந்தக் கேமராவை வாங்கியது ஊர்க் கிழங்களுக்காக அல்ல. என் சம்சாரம் ஞானபாய்க்கு வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி. சின்னதுதான், நெல்லிக்காய் அளவு. எடுத்துவிட வேண்டும், உயிருக்குப் பயம் இல்லை என்று டாக்டர் சொன்னார். பிறகு, சாயங்காலம் மழை பெய்யலாம் என்கிற மாதிரிக் குரலில், முகத்துக்குப் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது, வாய் ஒரு பக்கம் கோணலாம், கோணாமலும் இருக்கலாம் என்றார். இதை என்னைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார். நான் ஞானபாயிடம் சொல்லவில்லை. அவளுடைய சிரிப்பைப் பற்றி நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். அவள் வாய்விட்டுச் சிரித்தால் எங்கள் வீட்டுப் பலாமரத்துக் காக்கைகள் நேமம்வரை பறந்துபோய்விட்டுத்தான் திரும்பும். உதட்டின் இரண்டு கோடியும் ஒரே உயரத்துக்கு ஏறும், கொத்தன் ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல. ஆனால் கல்யாண ஆல்பத்திலிருந்து நேற்றுவரை ஒரு படத்தில்கூட அது இல்லை. கேமராவைக் கண்டால் கை வாய்க்குப் போய்விடும். அல்லது சேலைத் தலைப்பு. அல்லது முதுகு. சர்ச் சுற்றுலா போன வருடம் கன்னியாகுமரியில் எடுத்த படத்தில் அவளுடைய கொண்டை மட்டும்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சிரிப்பு ஒன்று எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

அடுப்படியில் முயன்றேன், ஜெபம் முடிந்த கையோடு முயன்றேன், அவள் சீரியல் பார்க்கும்போது நாற்காலிக்குக் கீழே பதுங்கி முயன்றேன். கேமராவை ஒரு முழத்துக்குள் கொண்டுபோனதும் அவள் முகம் ரேஷன் கார்டாகிவிடும். ஊரிலேயே நல்ல கேமரா என் கையில். அதைப் பக்கத்தில் கொண்டுபோனால் சிரிப்பு ஓடுகிறது, தூரத்தில் வைத்தால் ஆள் தெரியவில்லை. தூரத்துக்கு ஆகிற ஒரே சாமான் எதிர்வீட்டு மாடியில் இருந்தது. ரோட்டைக் கடந்துபோய் அந்த மனிதரிடம் கேட்டேன். நான் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே மோசமானது அதுதான். இலஞ்சம் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

“அப்படி வழிக்கு வாரும்” என்றார் வெங்கிடேஷ். “பக்கத்துக்குப் போனா பொம்மனாட்டிகள் ஒறைஞ்சு போயிடுவா ஓய். பறவையும் அப்படித்தான். தூரத்திலேருந்து, வெயில்லே, அவாளுக்குத் தெரியாம எடுக்கணும். உம்ம கேமரா ஒரு மூக்குக்கண்ணாடி. என்னோடது பைனாகுலராக்கும்.”

“பிரசங்கம் வேண்டாம். எடுப்பீரா, மாட்டீரா?”

“என்னத்துக்கு இத்தனை அவசரம்?”

சொன்னேன். அவர் கேமராவின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “காலம்பற வெளிச்சம் உம்ம கேட்டு மேலே நேரா விழும்” என்று மட்டும் சொன்னார்.

காலையில் பூமாரியின் காய்கறி வண்டி எங்கள் கேட்டுக்கு வரும். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வெண்டைக்காய் விலையைவிட ஊர்க்கதை அதிகம் சொல்லுவாள். ஞானபாய் சிரிப்பது அந்த வண்டியின் பக்கத்தில்தான். வெங்கிடேஷ் மாடியில் பதுங்கிய அன்றைக்குப் பார்த்துப் பூமாரிக்குப் பல்வலி. வாயைத் திறக்கவில்லை. எனவே நானே களத்தில் இறங்க வேண்டியதாயிற்று. வண்டியிலிருந்து ஒரு புடலங்காயை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சங்கத் தலைவர் மாலை வாங்கிக்கொண்டு பேசுவதுபோல, “பிரியப்பட்ட நாட்டுக்காரே!” என்று கையை உயர்த்தினேன்.

“யக்கா, சாருக்கு என்னாச்சு?” என்று பூமாரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

ஞானபாயின் உதட்டுக் கோடிகள் அசைந்தன. ஏறத் தொடங்கின. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் புடலங்காயை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து எதிர்மாடிச் சுவரில் கறுப்பு மூக்கு வெயிலில் பளிச்சென்று மின்னியது. பைனாகுலராம்! பீரங்கியை ஒளித்துவைத்தவனுக்குக்கூட அதைவிட மூளை இருக்கும். ஞானபாய் நிமிர்ந்து அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். அவள் பயறு ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளு என்னத்துக்கு என்னைப் படம் எடுக்குதாரு?”

“பருந்தாக்கும் எடுக்குதாரு.”

“எனக்க தலையிலயா பருந்து இருக்கு?” நாலைந்து பயறு ஒடிந்தது. “பிளக்ஸுக்கு, இல்லியா?”

“எந்தப் பிளக்ஸு?”

“நான் ஹாலுக்கு வரல்ல. அதனால வீட்டுல வச்சு எடுக்குதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி முக்குல வைக்க ஒரு படம் வேணும். அளவு எடுத்தாச்சு, பெட்டியும் சொல்லியாச்சா?”

வாய் திறந்தால் யானையைப் பல்லக்கில் ஏற்றுகிறவன் நான். அன்று ஒரு எறும்பைக்கூடத் தூக்க முடியவில்லை. பிளக்ஸுக்கு இல்லை என்றால் எதற்கு என்று கேட்பாள். உன் வாய் கோணிவிடலாம், கோணாத வாய் ஒன்று எனக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? அதுவும் ஒரு பிளக்ஸ்தானே. “அந்தச் சவத்தைக் கழுத்துலேருந்து எடுங்க” என்றாள். புடலங்காய் இன்னும் அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு கேமராவை நான் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் காலையில், பையையும் பைபிளையும் வாசலில் வைத்துவிட்டு டாக்சிக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

“அந்த டப்பாவ இஞ்ச எடுங்க” என்றாள் ஞானபாய்.

மனசு மாறிவிட்டாள் என்று ஓடிப்போய் எடுத்துவந்தேன். கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க அங்கன நில்லுங்க.”

“நானா?”

“டாக்டரு என்னட்டயும் சொல்லியாச்சு. உங்கட்ட மட்டும் சொல்லிட்டு விடுகதுக்கு எனக்க மூஞ்சி என்ன உங்க ஆபீஸ் ஃபைலா?” அவள் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இனி சிரிக்கது எப்பிடி இருக்குமோ. இம்புட்டு நாளும் என்னத்தைப் பாத்துச் சிரிச்சேன்னு நெனச்சுப் பாக்க எனக்கொரு ஓர்மைக்கு வேணும். நில்லுங்க.”

சூரியனை எனக்கு முதுகுப் பக்கமாக வைத்து நிறுத்தினாள். அறிவுள்ள யாரும் அப்படிப் படம் எடுக்க மாட்டார்கள். சொல்ல வாயெடுத்தேன், “ஆடாம, அனங்காம நில்லுங்க” என்றாள். திரையில் என்னைத் தேடினாள். முதலில் செம்பருத்திச் செடி கிடைத்தது போலிருக்கிறது, பிறகு கேட்டு, பிறகு நான். என்னைக் கண்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. சிரிப்பு வந்தது. கேமராவை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் வாயை மூட அவளிடம் கை இல்லை. பலாமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. இரண்டு கோடியும் மட்டம் பிசகாமல் ஏறின. சிரிப்பில் நழுவிய கேமராவை விளக்குமாறு பிடிப்பதுபோல இறுக்கிக்கொண்டு பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். நான் வெறுங்கையோடு நின்றேன். சட்டென்று எதிர்மாடியைப் பார்த்தேன். வருடம் முழுக்க அங்கேயே குடியிருந்த அந்த உபயோகமற்ற மனிதர் அன்று இல்லை. கொடியில் ஒரு வேட்டி மட்டும் காய்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இருக்கிறார். விடியும் முன்பே வந்து வரிசையில் நின்று எங்களுக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தார். ஃபிளாஸ்கில் காப்பி வேறு. சர்க்கரை இல்லாமல், கஷாயம்போல. மனிதனுக்கு எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது. ஞானபாயை உள்ளே கொண்டுபோன பிறகு இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நாங்கள் நீட்டியிருந்த கால்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“படம் ஏதாவது கெடைச்சுதா?” என்றார்.

கேமராவை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் லென்ஸுக்குக் குறுக்கே அவளுடைய விரல் விழுந்திருந்தது. படத்தின் ஓரத்தில் என் காது, கொஞ்சம் தலைமயிர், ஒரு கண். மீதி இடமெல்லாம் விரல். வெயில் அதற்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. நகம் தெரியவில்லை, கோடு தெரியவில்லை, சிவப்பு மட்டும்.

ஜூமைப் பற்றி ஏதாவது உளறுவார் என்று காத்திருந்தேன். அவர் பெரிதாக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். என் காது வெளியே போயிற்று. இன்னொரு முறை அழுத்தினார். கண்ணும் போயிற்று. திரை முழுக்க அந்தச் சிவப்பு, நடுவில் கொஞ்சம் வெளிச்சம் கூடுதலாக.

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கப் போனார்.

“இன்னும் கொஞ்சம் போகட்டும் ஓய்” என்றேன்.