அறுபது போட்ட சாலையில்

அன்று காரில் இருந்தவர்கள் நான், என் மனைவி, பள்ளிப் பேருந்து ஓட்டும் என் மகன், மருமகள். ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

பாலம் இறங்கியதும் மகனின் செல்போன் கூவியது. "அப்பா, முன்னாடி ஸ்பீட் கேமரா. இங்கே அறுபதுதான். மெதுவா போங்க."

"கேமராவுக்குப் பயந்து மெதுவா போறது திருட்டுப் புத்தி. அதை அணைடா."

அணைத்தான். உபதேசம் செய்யும் மும்முரத்தில் நான் வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கவில்லை. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

"எழுபத்தொண்ணு மாமா," என்றாள் மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

யார் ஓட்டியது என்று கேட்டு நோட்டீஸ் வந்ததும் மகன், "நான் ஓட்டினேன்னு எழுதிடறேன்பா. நாப்பது வருஷமா உங்க பேர்ல ஒரு அபராதம்கூட இல்லையே," என்றான்.

என் மனைவிக்குக் கோபம் வந்தது. "ஏற்கெனவே ரெண்டு வாங்கியிருக்கே. மூணாவது விழுந்தா லைசென்ஸ் போயிடும். அப்புறம் உங்கப்பா கௌரவம் வந்து ஸ்கூல் பஸ் ஓட்டுமா?"

குடும்ப மானம் என்று இத்தனை காலம் நான் காத்தது என் பெயரை மட்டும்தானோ என்று தோன்றியது. பேனாவை வாங்கி நானே கையெழுத்திட்டேன்.

நான் வேகமாகப் போயிருப்பேன் என்று நம்பாமல், மகன் செய்த தப்பை நான் ஏற்றுக்கொண்டதாக உறவினர்கள் மெச்சிப் பேசுகிறார்கள். அது பொய். வேகமாகப் போனதும் மாட்டியதும் நான்தான்.