கீறல் விழாத இருபத்தேழாம் எண்

பல்கலைக்கழகத்தில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு மடிக்கணினி இரவல் கொடுக்கும் அறை என்னுடையது. நாற்பது கணினிகள், நாற்பது எண்கள், காத்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கறார் அக்கா'. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். நான் கறாராக இல்லாவிட்டால் பட்டியலில் கடைசியில் நிற்கிற பிள்ளையை யார் பார்ப்பது?

ஆறு வாரம் ஒரு கணினியைத் திறக்கவே இல்லையென்றால் அதைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவரின் பெயரை உதவிப் பட்டியலிலிருந்தும் அடித்துவிட வேண்டும். பெயர் போனால் பேருந்து அட்டை, மதியச் சாப்பாடு எல்லாம் போச்சு. அந்த வெள்ளிக்கிழமை இருபத்தேழாம் எண்ணுக்கு ஆறு வாரம் முடிந்தது. கணினி திறந்து இணையத்தில் சேர்ந்தால் என் பதிவேட்டில் தானாகவே கணக்கு ஏறும். அதற்கு நேரே சுத்தமான பூஜ்யம். நான்கு எச்சரிக்கை அனுப்பியாகிவிட்டது. எச்சரிக்கை அந்தந்தக் கணினியின் திரையிலேயே வரும்படி வைத்திருந்தோம். திறக்காத கணினியில் அதை யார் படிப்பார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

விற்றிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டேன். முதலாம் ஆண்டுப் பெண். நிபந்தனைத் தாளை நான் வாசித்தபோது மூச்சுகூட விடாமல் கேட்டாளே, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மதியமே பேருந்து ஏறி அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். ஐந்து மணிக்குள் கணக்கைத் தீர்க்காவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டியதுதான் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாடி ஏறினேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. ஏதோ தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் வரிசை வரிசையாகத் தொங்கின. ஜன்னல் வெயில் ஒவ்வொரு விரிப்பாகக் கடந்து என்னிடம் வருவதற்குள் பால் நிறமாகியிருந்தது. உள்ளே எங்கோ இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. தெருச் சத்தம் கேட்கவேயில்லை. எதற்காக வந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது. கோபத்தைத் தேடிப் பிடித்து மறுபடி முகத்தில் ஒட்டிக்கொண்டேன்.

விரிப்புகளை விலக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் அம்மா வந்தார்.

"பல்கலைக்கழகத்துலேர்ந்து வரேன். உங்க பொண்ணு வாங்கின கணினியைப் பாக்கணும்."

பதறுவார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "வாங்கம்மா, வாங்க. ஒரு நிமிஷம், கை ஈரமா இருக்கு." துண்டில் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். முதலில் போர்வை. அதற்குள் பழைய சால்வை. அதற்குள் பிளாஸ்டிக் பை. கடைசியில் நான் கொடுத்த அதே அட்டைப்பெட்டி.

"பாருங்க, ஒரு கீறல் இல்லை. மேல ஒட்டியிருக்கிற தாளைக்கூட உரிக்கலை. வருஷக் கடைசியில திருப்பிக் கொடுக்கணுமே. நீங்க தந்த மாதிரியே தருவோம்."

"அப்போ பாடமெல்லாம் எதுல எழுதறா?"

"நோட்டுலதான். எழுதி எடுத்துட்டுப் போயி, நூலகத்துல வரிசையில நின்னு, அங்க இருக்கறதுல அடிப்பா. வீட்டுலதான் எந்நேரமும் ஆவியா இருக்கே. பட்டா கெட்டுப்போயிடாதா?"

சுவரில் ஆணி அடித்து ஒரு தாளை மாட்டியிருந்தார்கள். நான் தயாரித்த நிபந்தனைத் தாள். 'சேதம் ஏற்பட்டால் முழுப் பொறுப்பும் பெற்றுக்கொண்டவருடையது.' அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. அதை அன்று எந்தக் குரலில் வாசித்தேன் என்பது எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. எனக்குப் புரியாத விஷயமா இது? என் வீட்டு சோபாவுக்கு நான்கு வருடமாகப் பிளாஸ்டிக் உறை கிடக்கிறது. உட்கார்ந்தால் சரசரக்கும், வெயிலில் தொடையைச் சுடும். கிழிக்கத்தான் இன்னும் மனசு வரவில்லை. கறார் அக்காவும் இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான்.

அப்போது அந்தப் பெண் உள்ளே வந்தாள். என்னையும் திறந்த பெட்டியையும் பார்த்ததும் தோளிலிருந்த பை நழுவியது.

"மேடம், நாங்க தொடவேயில்லை! சத்தியமா ஒரு தடவைகூடத் தொடலை!"

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்குக் கிடைத்த வார்த்தை அதுதான். என் விதிப்படி அவள் பெயரை அடிக்க வேறொன்றும் வேண்டாம்.

மூடியில் ஒட்டியிருந்த தாளை ஒரே இழுப்பில் உரித்தேன். தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, மூடியின் நட்டநடுவில் ஒரு விரல் நீளத்துக்கு அழுத்திக் கீறினேன்.

"ஐயோ!" என்றார் அம்மா.

நிபந்தனைத் தாளை ஆணியிலிருந்து எடுத்தேன். 'கொடுக்கும்போதே கீறல் இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலைக்கே உலை வைக்கிற பொய்.

"இனிமே இதைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டாம். நான் கெடுத்தாச்சு. எடுத்து உபயோகப்படுத்து. ஏதாவது ஆனா நேரா என்கிட்ட வா."

"ஆவி பட்டா, மேடம்?"

"படட்டும்."

அம்மா துண்டால் அந்தக் கீறலை மெல்லத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. கணினியோ உயிர் பெறவில்லை. ஆறு வாரப் பட்டினி. மணி நாலே முக்கால். அந்த அறையில் ப்ளக் ஒன்றுதான், அதில் இஸ்திரிப் பெட்டி. அம்மா போய் இஸ்திரி வயரைப் பிடுங்கினார்.

"அம்மா, இன்னிக்கே கொடுக்கணுமே இதெல்லாம்."

"நிக்கட்டும். நீ உக்காரு."

ஆவி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. விரிப்புகள் அசையாமல் தொங்கின. கணினியின் வயரைச் செருகி, என் கைபேசியிலிருந்து இணையம் கொடுத்தேன். திரை விழித்துக்கொண்டது. பக்கத்து விரிப்பில் லேசான நீலம் படர்ந்தது. என் பதிவேட்டில் பூஜ்யம் ஒன்றானது. இனி அவள் பெயரை யாரும் அடிக்க முடியாது.

அடுத்த நொடி என் எச்சரிக்கைகள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றைவிட ஒன்று கடுமை. நான் தரையைப் பார்த்தேன்.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் அம்மா. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அவள் நான்கையும் பொறுமையாகப் படித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். ஒவ்வொன்றாக மூடினாள்.

"ஒண்ணுமில்லைம்மா. இத்தனை நாள் எங்க போயிருந்தீங்கன்னு கேட்டிருக்காங்க."

அம்மா அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தார்.

"இங்கதான் இருந்தோம்னு எழுது," என்றார்.