கேரமுக்கு நாலாவது ஆள்

கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் அவள் குனிந்து கணவனின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். பாதியில்தான் உறைத்தது. சட்டென்று நிமிர்ந்தாள். தலைமாட்டில் நின்ற மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா... இப்பவுமா?"

காலரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போனாள்.

ஈரல் கெட்டுவிட்டது, இனி தொட்டால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் குடியை விட்டார். சத்தியம் கித்தியம் எதுவும் யாரும் வாங்கவில்லை. அவளுக்குத்தான் நம்ப மனசு வரவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓட்டிவிட்டுக் களைத்து வருகிறவரை வாசலிலேயே மறித்து, "ஊதுங்க" என்பாள். முதலில் சிரித்துக்கொண்டே ஊதினார். ஒருநாள் மருமகன் எதிரிலேயே ஊதச் சொன்னாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமானால் டெய்லர் கடை மாடியில் கேரம். டெய்லர், எலக்ட்ரீஷியன், 'மொட்டை' என்கிற லாரி டிரைவர், இவர். காய்களுக்குப் பக்கத்திலேயே பாட்டிலும் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

"எனக்குச் சரக்கு வேண்டாம்டி. அவனுங்க வேணும். சோடா குடிச்சுட்டு நாலு ஆட்டம் ஆடிட்டு வந்துடறேன்."

"யார் காதுல பூ சுத்தறீங்க?"

போவதை நிறுத்திக்கொண்டார். சனிக்கிழமைகளில் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து, எதையும் முழுசாகப் பார்க்காமல் மாற்றிக்கொண்டே இருப்பார். ஈரல் தேறிவிட்டது. நேற்று மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கேரம் கூட்டாளிகள் மூவரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். முன்பொரு தடவை அவள் நடுத்தெருவில் வைத்துக் கிழித்த கிழியில், உள்ளே வரக் கால் எழவில்லை. அவளே போய்க் கூப்பிட்டாள்.

டெய்லர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "நான் தச்சதுதான். கழுத்து லூசா இருக்கு. இளைச்சுட்டான்."

மொட்டை தயங்கித் தயங்கி அவள் பக்கம் வந்தார். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. அவனுக்கு எங்க மேல என்னம்மா கோவம்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"போன வருஷம் போன் பண்ணேனே, நீதான எடுத்த. மாடியில இனிமே பாட்டிலே கிடையாது, அவனுக்காக நாங்களும் ஆட்டத்தப்போ தொடறதில்ல, வரச் சொல்லுன்னு சொன்னேன். வரவே இல்ல. தெருவுல பார்த்தாலும் தலையக் குனிஞ்சுட்டுப் போயிடுவான். நாங்களும் வீம்பா இருந்துட்டோம். இன்னும் மூணு பேராத்தான் ஆடறோம்."

அந்த போன் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். எல்லாம் குடிக்கக் கூப்பிடுகிற தந்திரம் என்று நினைத்து, போனை வைத்துவிட்டாள். துண்டோடு வந்து "யாரு?" என்று கேட்டவரிடம் "ராங் நம்பர்" என்றாள்.

இப்போதும் "ஆமா, கோவம்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இல்லையென்று சொல்ல அவர் எழுந்து வரப்போவதில்லை.

"நான் அவர்கிட்ட சொல்லவே இல்லண்ணே. அவருக்குத் தெரியாது."

எலக்ட்ரீஷியன் தலையைத் தூக்கி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரின் கை சட்டைமேலேயே நின்றது.

"அப்போ கோவமில்லையா அவனுக்கு?" என்றார் மொட்டை.

"இல்லண்ணே. எப்பவும் உங்க பேச்சுதான்."

"அது போதும்மா."

மொட்டை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அமரர் ஊர்தி வந்தது. பின்னால் அவரோடு மூன்று பேர்தான் உட்காரலாம் என்றார் வண்டி டிரைவர். மருமகன் உறவுக்காரர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க முன்னால ஏறுங்க. பின்னால அவங்க மூணு பேரும் உக்காரட்டும்."

"அத்தை, சொந்தக்காரங்க யாராவது..."

"அவங்கதான்."

அவளும் மகளும் காரில் பின்தொடர்ந்தார்கள். வண்டியின் பின்கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. முழங்கால் இடிக்க இடிக்க அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மொட்டை கையை ஆட்டி ஆட்டி அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டெய்லரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அவள் முன்சீட்டில் இருந்த கார் டிரைவர் பக்கம் சாய்ந்தாள்.

"ஒட்டிப் போகாதப்பா. கொஞ்சம் தள்ளியே போ."