சீருடைக்கு ஏற்ற கால்

உலக மக்களின் கவனத்துக்கு: எலும்பு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நிற்கும் பெண்ணின் வலது கால் பெருவிரல் நேராகிவிட்டது. தலைமை மருத்துவர் தம் பொற்கரத்தாலேயே எலும்பை வெட்டி, நகர்த்தி, திருகாணி முடுக்கி நிமிர்த்தியிருக்கிறார். எக்ஸ்ரே படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியாகிவிட்டது. டிக்கெட் போட்டுக் காட்டாததுதான் குறை.

விரல் ஏன் கோணியது என்பதற்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் போட்டிருந்தது முனை கூர்ந்த, குதிகால் உயர்ந்த கறுப்பு ஷூ. அதுதான் அங்கே சீருடை. அதைத் தேர்ந்தெடுத்த மகானும் தலைமை மருத்துவரே. மருத்துவமனையின் முதலாளியும் அவர்தான்.

கட்டுப் பிரித்த அன்று, பயிற்சி மருத்துவர்கள் புடைசூழ அவர் அருள்வாக்கு சொன்னார்: "இனிமே கூர்முனை ஷூ பக்கமே போகக் கூடாதும்மா. போட்டா மறுபடியும் கோணிக்கும்."

விடுப்பு முடிந்து, அகலமான தட்டை ஷூவில் வேலைக்கு வந்தாள். மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ரெண்டு படகைக் கட்டிட்டு வந்திருக்கே?"

"டாக்டர் சொன்னார் சார்."

"எந்த டாக்டர்?"

"நம்ம பெரியவர்தான்."

"அது அவர் பேஷண்டுக்குச் சொன்னது. ஸ்டாஃபுக்குச் சொன்னது சீருடை."

"ரெண்டும் ஒரே கால்தானே சார்!"

"வாயைக் குறை. முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறோம்."

அவள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். பெரியவரிடமே போய் நின்றாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். "டாக்டரா நான் சொன்னதும் சரி. முதலாளியா நான் சொன்னதும் சரி."

"அப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?"

"இங்கே அதைப் போடு. வீட்டுல இதைப் போடு. கோணினாத்தான் என்ன, நான் இல்லையா?"

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று ஊர் உலகத்தில் கேள்வியாகத்தான் கேட்பார்கள். இங்கே தறித்துக் காட்டிவிட்டு, அடுத்த தறிப்புக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள்.

"என் கால் என்ன சார், நீங்க வெட்டி வெட்டி ஒட்டற விளம்பரமா?"

பெரியவர் குனிந்து அவள் காலை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இடது காலும் சாய ஆரம்பிச்சிருக்கே!"

அவள் கூர்முனை ஷூவை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள்.